வாக்கை வசூலிக்கச் சென்ற அம்மையார் – ஆல்வா மிர்டால்

கடை வைத்து நடத்தும் நம்மவர்களுக்குக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் புதிதல்ல. சரக்கை இப்போது எடுத்துக்கொண்டு பணத்தைப் பிறகு தருவதாகச் சொல்பவரிடம் நாம் முதலில் கேட்பது, தவணை எப்போது என்பதுதான். தவணை குறிக்காத கடனை எந்த முகத்தோடு போய்க் கேட்பது, எத்தனை முறை கேட்பது என்ற சங்கடம் பெட்டியடியில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும். அவ்விதம் தவணை குறிக்காத ஒரு பெருங்கடனை, உலகிலேயே பலம் மிகுந்த இரண்டு சர்க்கார்களிடம் பத்து வருஷங்களுக்கு மேலாக விடாமல் கேட்டு வந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்விதழில் எழுதுகிறேன்.

அக்கடன் பணமல்ல; வாக்கு. அணுகுண்டுகளை ஒழிப்பதற்கு முயல்வோம் என்று வல்லரசுகள் உலகத்தாருக்குக் கொடுத்த வாக்கு. அதைக் கேட்டவர் சுவீடன் தேசத்து ஆல்வா மிர்டால் அம்மையார்.

ஆல்வா 1902-ம் வருஷம் ஜனவரி மாதம் 31-ம் தேதி, சுவீடனிலுள்ள உப்சாலா நகரில் பிறந்தார். தகப்பனார் வீடுகள் கட்டுவதும் விவசாயமும் தொழிலாகக் கொண்டவர்; கூட்டுறவு இயக்கத்திலும் சமதர்மக் கொள்கையிலும் பற்றுள்ளவர். தாயாரின் குடும்பத்தில் காசநோயால் பலர் இறந்திருந்தபடியால், பலர் கைபட்ட புத்தகங்களின் மூலம் நோய் வந்துவிடுமென்று அஞ்சி, நூல்நிலையப் புத்தகங்களை வீட்டுக்குள் கொண்டுவரவே அந்த அம்மாள் விடமாட்டார். படிப்பில் தணியாத ஆசையுள்ள பெண்ணுக்கு இது பெரிய தடையாக இருந்தது.

தடை வீட்டில் மட்டுமா? அவர்கள் வாழ்ந்த எஸ்கில்ஸ்துனா என்னும் ஊரில் மேல் வகுப்புப் பள்ளிக்கூடம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தது. ஆகவே ஆல்வா வரி வசூல் அலுவலகத்தில் ஒரு சிறிய வேலையில் அமர்ந்தார். படிக்கவேண்டும் என்று தகப்பனாரிடம் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரும் மனமிரங்கி, ஊர்ப் பள்ளி நிர்வாகத்தாரிடம் பேசி, பெண்களுக்கென்று தனி வகுப்பு ஏற்படச் செய்தார். அதில் படித்துத் தேறிய ஆல்வா, 1922-ல் ஸ்டாக்ஹோம் சென்று பட்டமும் பெற்றார். மூடிய கதவாயினும் முறையாகவும் விடாமலும் தட்டினால் திறக்கும் என்ற பாடத்தை அவர் முதலில் கற்றது இந்தச் சிறு வயதில்தான்.

1924-ல் அவர் குன்னார் மிர்டால் என்பவரை மணந்தார். குன்னார் பின்னாளில் பெரும் பொருளாதார நிபுணராகி 1974-ல் நோபல் பரிசு பெற்றவர். கணவனும் மனைவியுமாக 1934-ல் சுவீடனின் மக்கள்தொகைப் பிரச்சினையைப் பற்றி ஒரு நூல் எழுதினர். ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சர்க்கார் செய்யவேண்டிய உதவிகளைப் பற்றி அந்நூல் நாடு முழுவதும் விவாதத்தைக் கிளப்பியது. குழந்தைப் பள்ளி ஆசிரியைகளுக்காக 1936-ல் ஆல்வா ஒரு பயிற்சிக் கூடமும் தொடங்கினார். இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பிறகு நியூயார்க்கில் ஐக்கிய நாட்டுச் சபையின் சமூக நலப் பகுதியிலும், பின்னர் பாரிஸ் நகரில் யுனெஸ்கோவிலும் உயர்ந்த பதவி வகித்தார்.

1955-ல் அவர் இந்தியாவுக்குச் சுவீடனின் தூதராக நியமிக்கப்பட்டார். பர்மா, இலங்கை ஆகிய நாடுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. சுவீடனிலிருந்து தூதராக அனுப்பப்பட்ட முதல் பெண் இவரே. 1961 வரை டில்லியில் இருந்தார். பிரதமர் நேருவுக்கு நல்ல சிநேகிதருமானார். அவர் டில்லி செல்வதற்கு முந்திய வருஷம், 1954 மார்ச் 1-ம் தேதி, பசிபிக் கடலிலுள்ள பிகினி தீவில் அமெரிக்கா ஒரு பயங்கரமான ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அதன் சாம்பல், தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மீது விழுந்து 23 பேர் நோயுற்றனர். ஒருவர் சில மாதங்களில் உயிரிழந்தார். அடுத்த மாதமே நேரு இந்தியப் பார்லிமெண்டில் எழுந்து, ஆயுத ஒழிப்பு எப்போது வந்தாலும் வரட்டும், இந்த வெடிப்புச் சோதனைகளையாவது உடனே நிறுத்துங்கள் என்ற கருத்தில் வேண்டுகோள் விடுத்தார். குண்டு வைத்திராத நாடுகளும் வாய் திறந்து கேட்கலாம் என்பதற்கு அது நல்ல தொடக்கமாக அமைந்தது.

1961-ல் ஆல்வா தாயகம் திரும்பியபோது, அன்றைய வெளிநாட்டு மந்திரி ஊண்டேன் அவரை ஆயுத ஒழிப்பு வேலைக்கு அழைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயது. ராணுவ விஷயங்களில் அவருக்குப் பழக்கமில்லை. ஆயினும் பள்ளிப் பிள்ளையைப்போல அணு விஞ்ஞானத்தையும் ஆயுதக் கணக்கையும் உட்கார்ந்து படித்தார். 1962-ல் சுவீடன் பார்லிமெண்ட் அங்கத்தினரானார். அதே வருஷம் மார்ச் மாதம் ஜெனீவாவில் தொடங்கிய பதினெட்டு நாட்டு ஆயுத ஒழிப்பு மகாநாட்டில் சுவீடன் குழுவின் தலைவராக அமர்ந்தார். பின்னர் மந்திரி சபையிலும் ஆயுத ஒழிப்புக்கென்றே பொறுப்பு வகித்தார்.

அந்த மகாநாட்டின் அமைப்பு எப்படியென்றால், அமெரிக்காவின் பக்கம் ஐந்து நாடுகள், ரஷ்யாவின் பக்கம் ஐந்து நாடுகள், எந்தப் பக்கமும் சேராத எட்டு நாடுகள். பிரான்ஸ் மட்டும் தன் நாற்காலியில் வந்து உட்காரவேயில்லை. தலைமை வகித்தவர்கள் யார்? அமெரிக்காவும் ரஷ்யாவுமே. கடன்பட்டவர்களே பஞ்சாயத்துத் தலைவர்களாக இருந்தால் வழக்கு எப்படி முடியும் என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளலாம். இந்தியா, பர்மா, எகிப்து, எதியோப்பியா, நைஜீரியா, பிரேசில், மெக்சிகோ, சுவீடன் ஆகிய எட்டு நாடுகளும் இடையில் நின்று இருவரையும் நெருக்க வேண்டியிருந்தது. படையில்லை, மிரட்டவும் வழியில்லை. அவர்கள் கையிலிருந்தது பேச்சும் நியாயமுமே.

வெறும் நியாயம் போதாது, கணக்கும் வேண்டும் என்று கண்டுகொண்டதுதான் ஆல்வா அம்மையாரின் சாமர்த்தியம். அக்காலத்தில் சோதனைகளை நிறுத்துவதற்கு வல்லரசுகள் சொல்லிவந்த சாக்கு ஒன்றுண்டு. பூமிக்கடியில் ஒரு நாடு திருட்டுத்தனமாகக் குண்டு வெடித்தால், அது வெடிப்பா பூகம்பமா என்று மற்றவர் எப்படி அறிவது என்பதே அது. நேரில் வந்து வருஷத்துக்கு ஏழு முறை பார்க்க வேண்டும் என்றது அமெரிக்கா. மூன்று முறைக்கு மேல் முடியாது என்றது ரஷ்யா. ஏழுக்கும் மூன்றுக்கும் இடையில் காரியம் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே, 1962-ம் வருஷத்தில் மட்டும் 170-க்கு மேற்பட்ட அணு வெடிப்புகள் நடந்தன.

எட்டு நாடுகளும் சேர்ந்து, 1962 ஏப்ரல் 16-ம் தேதி ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தன. பூமியின் அதிர்வைக் குறிக்கும் கருவிகளை நாடுகள் இணைத்து வைத்துக்கொண்டு, பொதுவான விஞ்ஞானிகள் குழு அவற்றைப் பார்த்துச் சொல்லட்டும் என்பது அதன் சாரம். ஆல்வா இதோடு நிற்கவில்லை. தம் நாட்டு விஞ்ஞானிகளை ஜெனீவாவுக்கே அழைத்துச் சென்றார். சுவீடன் தன் சொந்தச் செலவில் ஹாக்ஃபோர்ஸ் என்ற இடத்தில் பூகம்பமானிகளை நிறுவிக் காட்டியது. சந்தேகத்துக்கு ஆளான நாடு தானாகவே முன்வந்து, வாருங்கள் பாருங்கள் என்று மற்றவரை அழைத்துத் தன் நாணயத்தை நிரூபிக்கலாம் என்றும் சுவீடன் சொல்லிற்று. வியாபாரத்தில் சந்தேகம் எழுந்தால் நாணயஸ்தன் பேரேட்டைத் தானே எடுத்து விரித்துக் காட்டுவதில்லையா, அதைப்போல.

இதன் நடுவே, 1963 ஆகஸ்ட் 5-ம் தேதி, மாஸ்கோவில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆகாயத்திலும் கடலிலும் விண்வெளியிலும் குண்டு வெடிப்பதில்லை என்று அதில் ஒப்புக்கொண்டன. உலகம் மகிழ்ந்தது; மகிழ நியாயமும் இருந்தது. காற்றிலும் பாலிலும் கலந்த நஞ்சு குறைந்தது. ஆனால் பூமிக்கடியில் வெடிப்பதற்குத் தடையில்லை. எல்லாச் சோதனைகளையும் என்றென்றைக்கும் நிறுத்த முயல்வோம் என்று அதே ஒப்பந்தத்தின் முகவுரையில் எழுதி வைத்திருந்தும், பூமிக்கடியில் வெடிப்புகள் தொடர்ந்து நடந்தன. முதல் புரோநோட்டு இதுதான். ஆல்வா அம்மையார் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த முகவுரையை நினைவூட்டிக்கொண்டே இருந்தார். 1969-ல் எல்லாச் சோதனைகளையும் தடுக்கும் ஒப்பந்தத்துக்குச் சுவீடன் நகலே எழுதி மேஜையில் வைத்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மற்றவரிடம் கேட்கப் போகிறவர் தம் கையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சுவீடன் அன்று சாமானிய நாடல்ல. அதன் மலைப் பாறையிலேயே யுரேனியம் இருந்தது. அணு உலை இருந்தது. ஆகாய விமானம் செய்யும் தொழிற்சாலையும் இருந்தது. அணுகுண்டு செய்துகொள்ள வேண்டுமென்று அதன் ராணுவத் தலைவர்கள் 1950-களில் வெளிப்படையாகவே கேட்டு வந்தனர். பக்கத்திலேயே ரஷ்யா இருக்கிறபடியால் பயப்படவும் காரணம் இருந்தது. பல வருஷ விவாதத்துக்குப் பின், 1968-ல் சுவீடன் அந்த எண்ணத்தை அடியோடு கைவிட்டது. செய்ய முடியாமல் விட்டதன்று, செய்ய முடிந்தும் விட்டது. தன் பங்கை முன்கூட்டியே ரொக்கமாகக் கட்டிவிட்டு, உங்கள் பங்கு எங்கே என்று கேட்கும் தகுதி அதனால் அந்த நாட்டுக்கு வந்தது.

அதே 1968-ல்தான் அணு ஆயுதம் பரவாமல் தடுக்கும் ஒப்பந்தம் முடிவாயிற்று. அமெரிக்காவும் ரஷ்யாவும் 1967 ஆகஸ்டில் கொண்டுவந்த நகலில், மற்ற நாடுகள் குண்டு செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு அழுத்தமாக இருந்தது. தாங்கள் குண்டுகளை ஒழிப்பதைப் பற்றியோ முகவுரையில் நல்ல வார்த்தைகள் மட்டுமே இருந்தன. ஷரத்து எதுவும் இல்லை. சரக்கு முழுவதையும் ஒரு பக்கம் கொடுத்துவிட்டு, மறுபக்கம் சலாம் மட்டும் வாங்கிக்கொள்ளும் வியாபாரமாக அது இருந்தது. மெக்சிகோவும் மற்ற பக்கஞ்சேரா நாடுகளும் விடவில்லை. அவர்கள் நெருக்கிய நெருக்கில், நல்லெண்ணத்தோடு ஆயுத ஒழிப்புப் பேச்சு நடத்தவேண்டும் என்ற ஆறாவது ஷரத்து உள்ளே வந்தது.

ஆல்வாவின் குழுவினர் அந்த ஷரத்தைப் படித்துப் பார்த்தனர். எப்போது என்ற சொல்லே அதில் இல்லை. அணு ஆயுதப் போட்டியை விரைவில் நிறுத்துவது என்ற பொருளைச் சேர்க்கும்படி சுவீடன் திருத்தம் கொடுத்தது. வல்லரசுகள் அதை ஏற்றுக்கொண்டன. 1963-ம் வருஷத்து வாக்கும் முகவுரையில் நினைவூட்டப்பட்டது. தேதி குறிக்கத்தான் அவர்கள் சம்மதிக்கவில்லை. விரைவில் என்ற ஒரு சொல்லைப் பெறவே இத்தனை பாடு! 1968 ஜூலை 1-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. அடுத்த மாதமே சுவீடன் கையெழுத்திட்டது. 1970 மார்ச் 5-ம் தேதி அது அமலுக்கு வந்தது.

ஒப்பந்தம் அமலுக்கு வந்தபின் என்ன நடந்தது? குண்டு இல்லாத நாடுகள் சொன்னபடி நடந்தன. குண்டு வைத்திருந்தவர்களோ, ஒரே ராக்கெட்டில் பல குண்டுகளை ஏற்றும் புதிய வித்தைகளைச் செய்துகொண்டிருந்தனர். அம்மையார் 1973-ல் மந்திரி பதவியையும் ஜெனீவா வேலையையும் விட்டபோது மனம் நொந்தே விட்டார். 1976-ல் அவர் எழுதிய பெரிய புத்தகத்தில், ஆயுத ஒழிப்பு என்ற பெயரில் இரு வல்லரசுகளும் கூடி விளையாட்டுத்தான் காட்டுகின்றன என்று ஆதாரங்களோடு விளக்கினார். ஒருவரையொருவர் பகைவரென்று சொல்லிக்கொண்டாலும், மற்ற நாடுகள் கேட்கும்போது இருவரும் சேர்ந்தே கதவை மூடினர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அமெரிக்கா மீது ஒரு கண், ரஷ்யா மீது ஒரு கண் என்று ஓரம் பேசாமல், இருவர் கணக்கையும் ஒரே தராசில் நிறுத்தார்.

கணக்கைப் பற்றிச் சொன்னோம். எந்த நாட்டிடம் எத்தனை ஆயுதம் என்ற புள்ளிவிவரம் வல்லரசுகளின் வாயிலிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்தால், கேட்பவர் எப்போதும் தோற்பார். சுவீடன் 150 வருஷங்கள் யுத்தமின்றி வாழ்ந்ததன் ஞாபகமாக ஒரு சமாதான ஆராய்ச்சி நிலையம் அமைக்கலாம் என்று அந்நாட்டுப் பிரதமர் எர்லாண்டர் 1964-ல் கருதினார். அதை வகுத்துக்கொடுத்த குழுவுக்குத் தலைவர் ஆல்வா. 1966-ல் ஸ்டாக்ஹோமில் அந்நிலையம் பிறந்தது. அன்று முதல் உலகத்து ஆயுதங்களின் பேரேட்டை எழுதி, யாவரும் பார்க்க வெளியிட்டு வருகிறது.

1982-ல் ஆல்வா மிர்டால் அம்மையாருக்கும், லத்தீன் அமெரிக்காவை அணு ஆயுதமற்ற பிரதேசமாக்கிய 1967-ம் வருஷத்து ஒப்பந்தத்தின் கர்த்தாவான மெக்சிகோ தூதர் அல்போன்சோ கார்சியா ரோப்லஸ் அவர்களுக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆயினும் அவருடைய வாழ்வில் துன்பமே இல்லை என்று எழுதினால் உண்மையாகாது. அதே வருஷத்தில் அவருடைய மகன், தம் பெற்றோர் ஊருக்கு உழைத்துத் தம்மைக் கவனியாது விட்டனர் என்று சிறுபிராயத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதிய தாய்க்கு அது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! கடைசிக் காலத்தில் நோயினால் பேச்சும் தடைப்பட்டது. நாவைக் கொண்டே வாழ்நாளெல்லாம் போராடியவருக்கு அப்படி ஒரு முடிவு. எண்பத்து நான்காவது பிறந்த நாளுக்கு மறுநாள், 1986 பிப்ரவரி 1-ம் தேதி காலமானார்.

அவர் காலமான அந்த 1986-ல்தான் உலகத்து அணு ஆயுதங்களின் தொகை உச்சத்தில், சுமார் 70,000-ஆக இருந்தது. அப்படியானால் அவர் பட்ட பாடெல்லாம் வீண்தானா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. மறு வருஷமே, 1987 டிசம்பரில், அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒரு வகை ராக்கெட்டுகளை முற்றிலும் ஒழிக்கக் கையெழுத்திட்டன. 1991-ல் இன்னொரு பெரிய குறைப்பு ஒப்பந்தம் வந்தது. 2025 தொடக்கத்தில் தொகை சுமார் 12,200 என்று, அவர் அமைத்த அதே ஸ்டாக்ஹோம் நிலையத்தின் பேரேடு சொல்கிறது. கடனில் பெரும் பகுதி கட்டப்பட்டது போல இது தோன்றும். ஆனால் மீதியிருப்பதே உலகத்தை அழிக்கப் போதுமானது. அந்தக் குறைப்பின் வேகமும் தளர்ந்து, வைத்திருக்கிற ஒன்பது நாடுகளும் தங்கள் குண்டுகளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தத்தைப் பரிசீலிக்க 2015-லும் 2022-லும் கூடிய மகாநாடுகள் ஒரு முடிவும் காணாமல் கலைந்தன.

எல்லாச் சோதனைகளையும் தடுக்கும் ஒப்பந்தம், 1963-ல் வாக்குக் கொடுத்து 33 வருஷங்கள் கழித்து, 1996-ல் கையெழுத்துக்கு வந்தது. அமெரிக்காவும் சீனாவும் அதை இன்னும் உறுதி செய்யவில்லை. உறுதி செய்திருந்த ரஷ்யாவும் 2023-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே சட்டப்படி அது இன்னும் அமலுக்கு வரவில்லை. ஆனால் கண்டுபிடிக்க முடியாது என்ற பழைய சாக்கு மட்டும் செத்துவிட்டது. உலகமெங்கும் முந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் பூமியின் அதிர்வையும் காற்றின் நஞ்சையும் கவனித்து வருகின்றன. அவற்றில் ஒன்று நம் மலேசியாவில், கேமரன் மலையில் தானா ராத்தாவில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களின் நடுவே காற்றை வடிகட்டி அணுத் துகள் பார்க்கும் அந்த நிலையம், ஜெனீவாவில் அம்மையார் வாதாடிய யோசனையின் பேரப்பிள்ளை என்றால் மிகையாகாது.

நம் நாட்டுக்கு இவ்விஷயத்தில் இன்னொரு பங்கும் உண்டு. 1996 ஜூலை 8-ம் தேதி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், ஆயுத ஒழிப்புப் பேச்சை நல்லெண்ணத்தோடு நடத்துவது மட்டுமல்ல, நடத்தி முடிப்பதும் கடமை என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகக் கருத்துக் கூறியது. ஆறாவது ஷரத்து வெறும் மரியாதை வார்த்தையல்ல, கட்டவேண்டிய கடனே என்று இதனால் தெளிவாயிற்று. அவ்வருஷம் தொடங்கி, அதை நிறைவேற்றும்படி ஐக்கிய நாட்டுச் சபையில் தீர்மானம் கொண்டுவரும் பொறுப்பை மலேசியா ஏற்று நடத்தி வந்திருக்கிறது. அணு ஆயுதத்தை முற்றிலும் தடுக்கும் 2017-ம் வருஷத்து ஒப்பந்தத்தை 2020 செப்டம்பரில் உறுதியும் செய்தது. ஆல்வாவின் சொந்த நாடோ அதில் கையெழுத்திடவில்லை. 2024-ல் நேட்டோ ராணுவக் கூட்டிலும் சேர்ந்துவிட்டது. பயம் வந்தால் நாடுகளின் மனம் மாறும் என்பதற்கு இது சாட்சி. ஆகவே கேட்கும் வேலையை ஒரு நாட்டிடம் மட்டும் விட்டுவிட முடியாது. ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வல்லரசுகளிடம் சிறு நாடுகள் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆல்வா மிர்டால் அம்மையாரின் வாழ்க்கை அவர்களுக்குப் பதில். அவர் கடன் முழுவதையும் வசூலித்துவிடவில்லை. ஆனால் தம் பங்கை முதலில் கட்டினார். கணக்கைத் தெரிந்துகொண்டு கேட்டார். ஷரத்தில் ஒரு சொல் குறைந்தாலும் சேர்க்கச் சொன்னார். இரு தரப்பையும் ஒரே நிறையில் நிறுத்தார். முகம் சுளித்தாலும் மறுநாள் போய் நின்றார். பழைய பற்றைப் பேரேட்டில் அடித்துவிட்டால் அது வராக்கடன். ஒவ்வொரு வருஷமும் புதுக் கணக்கில் எடுத்தெழுதி, ஆள் அனுப்பிக் கேட்டுவந்தால் அது நிலுவை. அணுகுண்டை ஒழிப்போம் என்ற வாக்கு இன்றுவரை வராக்கடனாகாமல் நிலுவையாகவே நிற்பதற்கு, அந்த அம்மையாரைப் போன்றவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம்.